பத்தில் எட்டுப் பேர்

தென்சுடர் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் விடுதியில் குடிக்காதவன் ஒருவனும் இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். குடிக்காதவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையின் பேரில் ஒரு மாணவன் பிறந்தநாள் விருந்தில் மூக்கு முட்டக் குடித்து, மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் நடந்து காட்டி, விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். தொலைக்காட்சியில் செய்தி வந்தது. துணைவேந்தர் தணிகாசலம் உடனே விடுதி வாசலில் குடியின் தீமைகளைப் பற்றி ஆளுயரப் பலகை ஒன்றை வைத்தார். மாணவர்கள் கையில் பாட்டிலோடு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களும் தொலைக்காட்சியில் வந்தன. அதன் பிறகுதான் ஒரு சமூக உளவியலாளரை வேலைக்கு எடுக்கலாம் என்று ஆட்சிக்குழு முடிவு செய்தது.

வந்தவர் டாக்டர் செண்பகம். நாற்பது வயதைத் தாண்டியவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ஒரு மாதம் மாணவர்களை ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசிவிட்டுத் துணைவேந்தரின் அறைக்குப் போனார்.

"ரெண்டே கேள்விதான் கேட்டேன் சார். நீ எவ்வளவு குடிக்கற? மத்தவங்க எவ்வளவு குடிக்கறாங்க?"

"என்ன சொல்றானுங்க?"

"பத்துல எட்டுப் பேர், நான் குடிக்கறதே இல்ல, இல்லன்னா எப்பவாச்சும் கொஞ்சம்னு சொல்றாங்க. அதே எட்டுப் பேரும், மத்தவன் எல்லாம் வாராவாரம் மட்டையாகறான்னு சொல்றாங்க."

"அப்ப பொய் சொல்றானுங்க."

"பொய் இல்ல சார். ஒருத்தன் குடிச்சிட்டு ஆடினா மொத்த வராந்தாவுக்கும் தெரியும். ரூம்ல உக்காந்து மோர் குடிக்கறவன யாரு பாக்கறா? ஊரே குடிக்குதுன்னு நெனச்சிக்கிட்டு, ஊரோட ஒத்துப்போகத்தான் குடிக்கறவங்கள்ல பாதிப் பேர் குடிக்கறாங்க."

"அதுக்கு என்ன செய்யணும்கறீங்க?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். அறிவுரை வேண்டாம், அபராதம் வேண்டாம். உண்மை என்னன்னு வாராவாரம் அவங்களுக்குச் சொன்னாப் போதும்."

அபராதம் இல்லாத திட்டமா என்று துணைவேந்தர் யோசித்தார். ஆனால் அவருக்குக் கருவிகள் பிடிக்கும். மணிக்கட்டில் கட்டுகிற மெல்லிய பட்டை ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. வியர்வையைக் கொண்டே உடலில் எவ்வளவு மது இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறதா என்று அது கண்டுபிடித்துவிடும். யாருடைய பெயரும் வெளியே தெரியாது. மொத்தக் கணக்கு மட்டும் விடுதித் திரைகளிலும், அவரவர் பட்டையிலும் ஒரு வரியாக ஓடும். துணைவேந்தர் அதற்குத் 'தோழமை' என்று பெயர் வைத்தார். மாணவர்கள் காப்பு என்றார்கள். கைதிகளுக்கும் காப்புதானே என்றும் சொல்லிச் சிரித்தார்கள். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று துணைவேந்தரும் ஒன்றைக் கட்டிக்கொண்டார். தங்கக் கடிகாரம் இருந்த கையை விட்டுவிட்டு மற்ற கையில்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையில் வரி வந்தது.

'நேற்று இந்த விடுதியில் பத்தில் எட்டுப் பேர் குடிக்கவில்லை.'

கருவி பழுது என்று முடிவு கட்டிவிட்டு மாணவர்கள் சாப்பிடப் போனார்கள். அடுத்த வாரமும் அதே வரி வந்தது. அதற்கடுத்த வாரம் வந்தபோது சிரிப்பு குறைந்திருந்தது. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். இவனும் அந்த எட்டில் ஒருவனா?

விடுதியின் பெருங்குடிகாரன் என்று பெயரெடுத்தவன் பரஞ்சோதி. தூத்துக்குடிக்காரன், இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. முதலாண்டில் ஏதோ பந்தயத்தில் ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் முடித்திருக்கிறான். அன்று கிடைத்த புகழை அவனால் இறக்கி வைக்க முடியவில்லை. எந்த விருந்தானாலும் முதல் கிளாஸ் அவனுக்குத்தான். கடைசிக் கிளாஸும் அவனுக்குத்தான். அவன் ஒருநாள் மத்தியானம் செண்பகத்தின் அறைக் கதவைத் தட்டினான்.

"மேடம், அந்தக் கணக்கு நெசமா?"

"நெசம்தான்."

"எட்டுப் பேரா?"

"சில வாரம் எட்டுக்கும் மேல."

"எனக்கு அந்த வாடையே பிடிக்காது மேடம். அப்ப மூணு வருசமா நான் யாருக்காகக் குடிச்சேன்?"

செண்பகம் பல ஆய்வரங்குகளில் இந்தக் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் வாசித்தவர். அன்று அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததோடு சரி.

பரஞ்சோதி குடியைக் குறைத்தான். பிறகு விட்டான். யாரும் கேலி செய்யவில்லை. அவன் விட்டுவிட்டான் என்று தெரிந்ததும், அவனுக்காகக் குடித்துக்கொண்டிருந்தவர்களும் நிம்மதியாக விட்டுவிட்டார்கள்.

ஆனால் அவனுடைய அறைத்தோழன் திருமேனிக்கு வேறு பிரச்சினை வந்தது. கணினி அறிவியல் படிப்பவன், பிறந்ததிலிருந்து மதுவைத் தொடாதவன், தேர்வுகளில் முதல் வரிசைக்காரன். தொடக்கத்தில் திரையில் சராசரிக் கணக்கும் வந்துகொண்டிருந்தது. சராசரி மாணவர் மாதத்துக்கு இரண்டு கிளாஸ். அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

"டேய், நான் சராசரிக்குக் கீழ இருக்கேன்டா," என்றான் பரஞ்சோதியிடம். "எல்கேஜியில இருந்து எதுலயும் எனக்கு இப்படி ஆனதில்ல. ரெண்டு கிளாஸ்தானே. எப்படிக் குடிக்கணும்னு சொல்லிக்குடு."

"லூசாடா நீ?"

"சராசரிக்கு மேல வேண்டாம். சராசரி போதும்."

பரஞ்சோதி அவனைக் கையைப் பிடித்துச் செண்பகத்திடம் இழுத்துக்கொண்டு போனான். விசாரித்ததில், அதுவரை மதுவைத் தொடாத இன்னும் பலர் சராசரியை எட்டிப்பிடிக்க அந்த மாதம் முயன்றிருந்தது தெரிந்தது. செண்பகம் தலையில் கைவைத்துக்கொண்டு, சராசரி என்ற சொல்லையே திரையிலிருந்து எடுத்துவிட்டார். கையோடு, திருமேனியைத் திரைக்கான மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் பகுதிநேர வேலையில் சேர்த்துக்கொண்டார். வேலை கொடுத்தால் குடியை மறந்துவிடுவான் என்று நினைத்தார். மறந்துவிட்டான்.

அந்த ஆண்டு விடுதியில் குடி பாதிக்கும் கீழே இறங்கியது. புறவழிச்சாலை மதுக்கடைக்காரர் ஒருநாள் பல்கலைக்கழக வாசலுக்கு வந்து, பையன்களுக்கு உடம்புக்கு எதுவும் சரியில்லையா என்று காவலாளியிடம் விசாரித்துவிட்டுப் போனார். துணைவேந்தர் மூன்று மாநாடுகளில் பேசினார். தோழமை என்ற சொல்லைத் தான் கண்டுபிடித்த விதத்தை மூன்றிலும் விளக்கினார்.

திரும்பி வந்தவர் செண்பகத்தை அழைத்தார்.

"யாரையும் திட்டாம, பெருசா செலவு பண்ணாம ஆயிரம் பேர மாத்திட்டீங்க. இத ஏன் குடிக்கு மட்டும் வச்சிருக்கணும்?"

"வேற எதுக்கு சார்?"

"சாம்பார்," என்றார் துணைவேந்தர். "நாலு பேர் சாம்பார் சரியில்லன்னு கத்தறான். உடனே ஹாஸ்டலே அப்படித்தான் நெனைக்குதுன்னு மத்தவனும் கத்தறான். உங்க தியரிதானே? புகார்ப் பெட்டிய எண்ணிப் பாத்தேன். பத்துல ஒம்பது பேர் புகாரே குடுத்ததில்ல."

"புகார் குடுக்காதவங்களுக்கெல்லாம் சாம்பார் பிடிச்சிருக்குன்னு அர்த்தம் இல்ல சார்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே. புகார் குடுக்கலன்னு மட்டும்தான் போடச் சொல்றேன். அது பொய்யா?"

பொய்யில்லை. பொய்யான எண் ஒன்றுகூடத் திரையில் வரக்கூடாது என்பதுதான் செண்பகம் வேலையில் சேரும்போது போட்ட ஒரே நிபந்தனை. துணைவேந்தர் அந்த நிபந்தனையை மிகுந்த மரியாதையோடு காப்பாற்றினார். அவர் கொண்டுவந்த எண்களெல்லாம் உண்மையான எண்கள்.

'பத்தில் ஒன்பது பேர் உணவைப் பற்றிப் புகார் செய்ததில்லை.'

'பத்தில் ஒன்பது பேர் இந்தப் பருவத்தில் மருந்தகத்துக்குப் போகவில்லை.'

'பத்தில் ஒன்பது பேர் வார்டனைத் தொந்தரவு செய்ததில்லை.'

மருந்தகத்தில் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் இருப்பார் என்பதும் உண்மைதான். ஆனால் அது திரையில் வரவில்லை. மாணவர்கள் படித்தார்கள். புகார் கொடுக்க நினைத்தவன், தான் மட்டும்தான் குறை சொல்கிறவன் போலிருக்கிறது என்று வெட்கப்பட்டுச் சும்மா இருந்தான். அவன் சும்மா இருந்ததும் அடுத்த வாரக் கணக்கில் சேர்ந்தது. உண்மை வாராவாரம் மேலும் உண்மையாகிக்கொண்டே போனது. செண்பகத்துக்கு அது உறுத்தியது. ஆனால் எந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது என்று தெரியவில்லை. எல்லாம் சரியாகவே இருந்தன.

கோடையில் ஆழ்குழாய்க் கிணறு வற்றியது. விடுதிக்கு லாரித் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் லேசாக ஒரு வாடை இருப்பதாகப் பலருக்குத் தோன்றியது. ஒவ்வொருவனுக்கும் தனக்கு மட்டும் தோன்றுவதாகத் தோன்றியது.

பரஞ்சோதி ஒரு வாரமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல். திருமேனி கண்டுபிடித்துவிட்டான்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாடா?"

"இல்லடா. சத்தியமா இல்ல. பழசுக்குத்தான் இப்ப வட்டி கட்டுறேன் போல."

"மருந்தகத்துக்கு வா, போலாம்."

பரஞ்சோதி மணிக்கட்டைக் காட்டினான். பத்தில் ஒன்பது பேர் போகவில்லை என்ற வரி ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாப் பயலும் நல்லா இருக்கான். நான் மட்டும் போயி வாந்தின்னு நின்னா என்ன சொல்லுவாங்க? குடிகாரன் புத்தி போகலன்னுதான். கஷ்டப்பட்டு விட்டிருக்கேன்டா. அந்தப் பேர் எனக்கு மறுபடி வேண்டாம்."

திருமேனி வற்புறுத்தவில்லை. அவனுக்கும் நான்கு நாளாகச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டிக்கொண்டிருந்தது. அவனும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு காலையில் பரஞ்சோதியை எழுப்பப் போனவன் அவன் கண்களைப் பார்த்துப் பயந்துபோனான். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் அவன் ஊர்ப் பேச்சாக ஏதோ உளறினான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருமேனி நகரத்து மருத்துவமனைக்குப் போனான். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்த மருத்துவர் சொன்னார்:

"கல்லீரல் ரொம்ப மோசமா இருக்கு. தண்ணியால வந்தது."

"அவன் விட்டுட்டான் சார். ஒரு வருசம் ஆகப்போகுது."

"அந்தத் தண்ணி இல்ல தம்பி. குடிக்கற தண்ணி. மஞ்சக்காமால. ஏற்கெனவே அடிபட்ட கல்லீரல், அதான் இவ்வளவு முத்திப்போச்சு. ஹாஸ்டல்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

"இல்ல சார். பத்துல ஒம்பது பேர்..." என்று தொடங்கிய திருமேனி நிறுத்தினான். மருத்துவர் அவன் முகத்தைத் திருப்பி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"நீயும் இங்கயே இரு," என்றார்.

திருமேனி செண்பகத்துக்குத் தொலைபேசியில் சொன்னான். அவர் உடனே பட்டைகளின் காய்ச்சல் கணக்கைத் திறந்தார். இதுவரை யாரும் கேட்காததால் யாரும் பார்க்காத கணக்கு அது. விடுதியில் பத்தில் ஆறு பேருக்குக் காய்ச்சல். இரண்டு வாரமாக.

துணைவேந்தர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடுத்த வாரம் தரமதிப்பீட்டுக் குழு வருது. குழு போனதும் தொட்டியெல்லாம் கழுவிடலாம். இப்ப இதத் திரையில போட்டீங்கன்னா பீதிதான் வரும்."

"ஒரு பையன் உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கான் சார்."

"அவன் பழைய குடிகாரன்னு கேள்விப்பட்டேனே."

செண்பகம் எழுந்து நின்றார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "இதுவரைக்கும் நீங்க போட்டது எல்லாமே உண்மைதான் சார். எந்த உண்மையப் போடறது, எத விடறதுன்னு மட்டும்தான் நீங்க முடிவு பண்ணீங்க. அத நானும் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். இப்ப இதையும் போட்டுடறேன்."

"நான் அனுமதி தரல."

"தெரியும் சார்."

திரைகளிலும் பட்டைகளிலும் அந்த வரி வந்தபோது காலை வகுப்புகள் தொடங்கும் நேரம்.

'இந்த விடுதியில் பத்தில் ஆறு பேருக்குக் காய்ச்சல். குடிநீரைக் குடிக்க வேண்டாம்.'

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கதவு திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒருவன் வந்து நின்றான். எதிர்க் கதவு திறந்தது.

"உனக்குமாடா?"

"பத்து நாளாச்சு."

"சொல்லவே இல்ல?"

"நீ சொன்னியா?"

வரிசையாகக் கதவுகள் திறந்தன. ஆரோக்கியமாக இருப்பதாக ஒருவரை ஒருவர் நம்ப வைத்துக்கொண்டிருந்தவர்கள் சுவரைப் பிடித்தபடி வராந்தாவுக்கு வந்தார்கள். யாரோ ஒருவன் சிரித்தான். பலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உடம்பைவிட அந்த நடிப்புதான் அவர்களை அதிகம் களைக்க வைத்திருந்தது. மதியத்துக்குள் பல்கலைக்கழகப் பேருந்துகள் மருத்துவமனைக்கும் விடுதிக்கும் நடை அடிக்கத் தொடங்கின.

விசாரணைக் குழு அமைத்தார்கள். குற்றம் தண்ணீர் லாரி ஒப்பந்தக்காரருடையது என்று குழு கண்டுபிடித்தது. செண்பகத்துக்கு அனுமதி மீறியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. துணைவேந்தர் நலம் விசாரிக்க மருத்துவமனைக்குப் போய், பழக்கூடையோடு படம் எடுத்துக்கொண்டு, தன் நாற்காலிக்குத் திரும்பினார். பெற்றோர்கள் வாசலில் நின்று அவர் விலக வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். அவர் சன்னலை மூடிக்கொண்டார். நான்கு பேர் கத்துவதை ஊர் முழுவதும் கத்துவதாக நினைக்கக்கூடாது என்று அவர் படித்திருந்தார்.

பரஞ்சோதி கண் விழித்து, வார்த்தை தெளிந்து, கஞ்சி கேட்ட அன்று துணைவேந்தரிடமிருந்து செண்பகத்துக்கு அழைப்பு வந்தது. விளக்கக் கடிதத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று போனார். துணைவேந்தர் மணிக்கட்டை நீட்டினார்.

"இது நீங்க போட்டதா?"

பட்டையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது.

'இதுபோன்ற சூழலில் பத்தில் எட்டுத் துணைவேந்தர்கள் தாங்களாகவே விலகியிருக்கிறார்கள்.'

செண்பகம் அதை இரண்டு முறை படித்தார். அவர் அனுப்பியதில்லை. அப்படி ஒரு கணக்கை யாரும் எடுத்ததும் இல்லை. யார் அனுப்பியிருப்பார்கள் என்று மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சு யாரும் வெலகின மாதிரி ஞாபகம் இல்லையே," என்றார் துணைவேந்தர். கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்டார். "எட்டுப் பேராம்மா?"

இல்லை சார், அது பொய் என்று சொல்ல ஒரு நொடி போதும். கண் விழித்ததும் பரஞ்சோதி முதலில் கேட்ட கேள்வி செண்பகத்தின் காதில் இருந்தது. 'நான் குடிச்சதாலதான் வந்துச்சுன்னு அம்மாகிட்ட யாராச்சும் சொல்லிட்டாங்களா மேடம்?'

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

துணைவேந்தர் பட்டையில் ஓடிய வரியை மறுபடி படித்தார். ஒரு வாரமாகச் சுருங்கியிருந்த அவர் முகம் மெல்லத் தளர்ந்தது.

"அப்ப நான் போறதுல ஒண்ணும் அசிங்கம் இல்ல," என்றார். "எல்லாரும் செய்யறதுதான்."

அன்று மாலையே, இப்படி விலகுவதுதான் வழக்கம் என்று எழுதி விலகல் கடிதம் கொடுத்தார். பத்திரிகைகள் அவரைப் பாராட்டின. அவர் வாழ்நாளில் கிடைத்த பாராட்டுகளில் காசு செலவில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள்.

செண்பகம் மருத்துவமனைக்குப் போனார். பரஞ்சோதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டிலில் திருமேனி.

"அந்த எண்ண எங்கருந்து எடுத்த?"

திருமேனி மறைக்கவில்லை. "எடுக்கல மேடம். இங்கருந்தே ஃபோன்ல நானே போட்டேன்."

"தேடியாவது பாத்தியா?"

"பாத்தேன் மேடம். இருபது வருசத்துச் செய்தி எல்லாம் பாத்தேன். ஒருத்தர்கூட வெலகல."

"நம்ம திரையில பொய் வந்ததே இல்ல திருமேனி. ஒரு தடவ வந்துட்டா, இனி உண்மையச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். அது உனக்குப் புரியுதா?"

"புரியுது மேடம்." அவன் தலை குனிந்திருந்தான். "ஆனா அவரு உங்களக் கேட்டிருப்பாரே, அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

பரஞ்சோதி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் பார்த்தான். மறுநாள் திரைகளை அணைக்கச் சொல்லிவிட்டுச் செண்பகமும் வேலையை விட்டார். காரணம் கேட்ட பதிவாளரிடம் உடல்நிலை என்றார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மதுரையில் ஒரு சின்னக் கல்லூரியில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், வடமாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் விடுதிக் கூரை இடிந்து மாணவர்கள் காயப்பட்டார்கள். மறுநாளே அங்கிருந்த துணைவேந்தர் விலகினார். ஆசிரியர் அறைத் தொலைக்காட்சியில் அவரைச் சுற்றி நிருபர்கள் நின்றார்கள். யாராவது நிர்ப்பந்தம் கொடுத்தார்களா என்று ஒருவர் கேட்டார்.

"நிர்ப்பந்தமா? எதுக்கு?" என்றார் அந்தத் துணைவேந்தர், கேள்வியே புரியாதவர் போல. "இந்த மாதிரி நேரத்துல பெரும்பாலும் எல்லாரும் வெலகிடறதுதானே வழக்கம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழாசிரியர், நல்ல மனுஷன், முறை தெரிந்தவர் என்று தலையாட்டினார். ஆமாம் என்று செண்பகமும் தலையாட்டினார்.